ஒரு வெலிங்டன் வீடு, இரண்டு தொடர்கள்: ‘வாட் வி டூ இன் த ஷேடோஸ்’ எப்படிக் கிளை விட்டது?

கேள்வி: இரவுக்காட்சி

2014-இல் வெளிவந்த ‘வாட் வி டூ இன் த ஷேடோஸ்’ என்னும் நியூசிலாந்து நகைச்சுவைப் படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்தேன். வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் நான்கு ரத்தக்காட்டேரிகளை ஓர் ஆவணப்படக் குழு பின்தொடர்கிறது. கதை என்று சொல்ல அதற்கு மேல் அதிகமில்லை. ஏறத்தாழ 16 லட்சம் அமெரிக்க டாலர் செலவில் எடுக்கப்பட்ட இந்தச் சிறிய படம் அமெரிக்காவில் ஆறு சீசன் ஓடிய தொடராகி, அதன் பிறகு நியூசிலாந்தில் காவலர்களை வைத்து இன்னொரு தொடராகவும் வந்திருப்பதை அறிந்து வியந்தேன். தொடர்ந்து சொல்வதற்குக் கதையே மிச்சமில்லாத ஒரு படத்தில் எதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் வளர்த்தார்கள்? பெயரை வைத்துக் காசு பார்க்கும் வழக்கமான வேலைதானா?

பதில்: தொகுப்புமேசை

முதலில் ஒரு திருத்தம். காவலர்கள் தொடரான ‘வெலிங்டன் பாராநார்மல்’தான் முந்தியது; அது 2018 ஜூலையில் தொடங்கியது, அமெரிக்கத் தொடர் 2019 மார்ச்சில்தான் வந்தது. இந்த வரிசை முக்கியமானது. பெரிய சந்தைக்குப் போவதற்கு முன்பே படம் தன் சொந்த ஊரில் கிளை விட்டிருந்தது.

வேரும் 2014-இல் இல்லை. படத்தை இயக்கிய டைகா வைடிடியும் ஜெமெய்ன் கிளெமென்ட்டும் இதே கருவை 2005-இலேயே ஒரு குறும்படமாக எடுத்துப் பார்த்திருந்தார்கள். முழுநீளப் படத்திற்காகத் திரைக்கதையை விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, அதை நடிகர்களிடம் காட்டாமல், காட்சியின் சூழலை மட்டும் சொல்லி மனோதர்மமாகப் பேசவிட்டார்கள். சேர்ந்த படப்பதிவு சுமார் 125 மணி நேரம். அதைத் தொண்ணூறு நிமிடத்திற்குள் அடக்குவதற்குப் படத்தொகுப்பில் ஓர் ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. படத்தொகுப்பு மேசையருகே சில காலம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இவ்வளவு வெட்டிய பிறகு தாங்கி நிற்பது கதையாக இருக்காது, ஒரு விதியாகத்தான் இருக்கும்.

அந்த விதி என்னவென்று இரண்டு காட்சிகளிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். டீக்கன் ஐந்து ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவும் முறையைச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. தொட்டி நிறைய ரத்தக் கறையோடு பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. இன்னொன்றில் வியாகோ, விருந்தாளியின் கழுத்தைக் கடிப்பதற்கு முன், இருக்கையும் தரையும் பாழாகிவிடக் கூடாதே என்று செய்தித்தாள்களை விரிக்கிறான், பிறகு கைதவறியதுபோல் பெரிய நாளத்தையே கடித்து எல்லாவற்றையும் நனைத்துவிடுகிறான். சாகாவரம் பெற்றவர்களுக்கும் வீட்டு வேலை ஓய்வதில்லை என்ற அந்த ஒரு விதியை எந்த ஊருக்கும் எந்தத் தொழிலுக்கும் கொண்டு போகலாம். அமெரிக்கத் தொடர் கதையை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு மாற்றி, நாண்டோர், லாஸ்லோ, நாட்ஜா என்று புதியவர்களைக் குடிவைத்ததே ஒழிய, பழையவர்களின் நகல்களை உருவாக்கவில்லை. எனவே ‘பெயரை விற்றார்கள்’ என்ற ஐயம் இங்கே பொருந்தாது என்பது என் எண்ணம்.

பதில்: தென்காற்று

காவலர்களைப் பற்றி ஒரு சொல். படத்தில் அவர்கள் வருவது ஒரே ஒரு வீட்டுச் சோதனைக்காகத்தான். மனவசியத்தில் கட்டுண்டு, கண்ணெதிரே இருக்கும் விபரீதங்களைக் காணாமல், வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். அவர்களில் பெண் காவலராக நடித்த கேரன் ஓலியரி, அப்போது குழந்தைகள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவரும் உடன் வரும் காவலராக நடித்த மைக் மினோக்கும் தத்தம் பெயரிலேயே நடித்த ‘வெலிங்டன் பாராநார்மல்’ 2022 வரை நான்கு சீசன்கள் ஓடியது. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது நியூசிலாந்துக் காவல்துறையே இவ்விருவரையும் வைத்து விழிப்புணர்வுக் காணொளிகள் வெளியிட்டது. துணைப்பாத்திரம் ஒன்று உண்மையான காவல்துறைக்காகப் பேசும் அளவுக்கு ஊரார் நம்பிக்கையைப் பெற்றது, என்னைக் கேட்டால், அமெரிக்கத் தொடர் பெற்ற எம்மி தொலைக்காட்சி விருதுப் பரிந்துரைகளைவிடப் பெரிய வெற்றி.

இரவுக்காட்சி

வரிசையைத் திருத்தியதற்கு நன்றி. ஆனால் பழைய ‘ராக்கி ஹாரர்’ படமும் இப்படித்தானே வளர்ந்தது? அதில் எந்த விதி இருந்தது?

பதில்: மூன்றாம்மணி

‘ராக்கி ஹாரர்’ நேர்மாறான கதை. 1973-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில் சிறு மேடை நாடகமாகத் தொடங்கி, 1975-இல் படமாகித் தோற்று, அடுத்த ஆண்டு நியூயார்க்கின் நள்ளிரவுக் காட்சிகளில்தான் உயிர் பெற்றது. அங்கே பார்வையாளர்கள் திரையைப் பார்த்துப் பதில் வசனம் கூவினார்கள், பாத்திரங்களைப் போலவே உடுத்தி வந்தார்கள். வளர்ந்தது அந்தச் சடங்குதான், கதையுலகம் அல்ல. அதனால்தான் 1981-இல் அதே படைப்பாளிகள் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்று அதற்கு ஒரு தொடர்ச்சி கொடுத்தபோது கூட்டம் வரவில்லை. வெலிங்டன் காட்டேரிகளுக்கும் ரசிகர் பலம் இருந்தது உண்மைதான். 2015-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிடுவதற்காக ரசிகர்களிடமே கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதிதிரட்டும் இணையதளம் வழியாக 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஆனால் அந்தப் பணம் படத்தைக் கொண்டு சேர்த்தது, அவ்வளவே.

தொகுப்புமேசை அவர்களின் ‘விதி’யை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். விதி மட்டும் போதுமென்றால் அமெரிக்கத் தொடர் இரண்டாவது சீசனிலேயே சலித்திருக்கும். அதைக் காப்பாற்றியது காலின் ராபின்சன் என்ற புதுவகைக் காட்டேரி. பகலில் அலுவலகத்துக்குப் போய், சலிப்பூட்டும் பேச்சால் சக ஊழியர்களின் தெம்பை உறிஞ்சிக் குடிப்பவன். எந்த நாட்டுப்புறக் கதையிலும் இவனை நான் படித்ததில்லை, ஆனால் நான் வேலை பார்த்த எல்லா அலுவலகங்களிலும் இவனுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏவலாளான கியர்மோ, காட்டேரி வேட்டைக்காரர் வான் ஹெல்சிங்கின் வழித்தோன்றல் என்று தெரியவருவதும் படத்தில் விதைக்கப்படாத கதைதான்.

பதில்: தொகுப்புமேசை

காலின் ராபின்சனும் என் விதியின் பிள்ளைதான் என்று வாதிடலாம், ஆனால் கியர்மோ விஷயத்தில் தாங்கள் சொல்வது சரி. அந்தத் திருப்பம் இல்லாமல் ஆறு சீசன்கள் வந்திருக்க முடியாது.

இரவுக்காட்சி அவர்களே, அமெரிக்கத் தொடரில் எங்கே தொடங்குவது என்று யோசித்தால், முதல் சீசனின் ஏழாம் அத்தியாயமான விசாரணைக் காட்சியைத் தவறவிடாதீர்கள். வேறு படங்களில் ரத்தக்காட்டேரிகளாக நடித்த டில்டா ஸ்விண்டன் போன்றவர்கள் நடுவர் மன்றமாக அமர்ந்திருக்க, அவர்களோடு வெலிங்டன் வீட்டின் வியாகோ, விளாடிஸ்லாவ், டீக்கன் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெஸ்லி ஸ்னைப்ஸ் மட்டும் காணொளி அழைப்பில் வருகிறார், இணைப்புச் சரியாகக் கிடைக்காமல் திண்டாடுகிறார்.