டேக்ஸ் கோப்பை டேபில் வெட்டலாமா?

சுக்குக்காப்பி:
நேற்று கரிசல்காடு எழுதியது: "கோடில் எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று சிடேக்ஸ் எழுதித் தரும் டேக்ஸ் கோப்பு, டேப் எழுத்தால் புலம் பிரித்த வெறும் பட்டியல். டேபில் வெட்டினால் பத்தே வரியில் விம் எடிட்டருக்கு, ஃபங்ஷன், ஸ்ட்ரக்ட் பெயர்களைக் காட்டும் சிம்பல் பட்டி தயார்." பத்து வரியாம்! மூன்றாவது புலத்தில் இருப்பது எக்ஸ் கட்டளை ஐயா, அந்த வரியைத் தேடிப் பிடிக்க எடிட்டருக்குக் கொடுப்பது. பெரும்பாலும் /^ என்று தொடங்கி $/ என்று முடியும். நடுவில் உங்கள் சோர்ஸ் வரி அப்படியே உட்கார்ந்திருக்கும், அதன் டேபோடு சேர்த்து. வெட்டிப் பாருங்கள்.

கரிசல்காடு:
என் புராஜெக்டில் எட்டாயிரம் சிம்பல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சுக்குக்காப்பி:
நீங்கள் ஸ்பேஸ் அடிக்கிற ஆள், தப்பாது. லினக்ஸ் கெர்னல் முழுக்க டேப். அதில் ஒரு ஸ்ட்ரக்ட் உறுப்பை எடுங்கள். /^ ஒரு துண்டு, மீதி இன்னொரு துண்டு. நான்காவதில் வர வேண்டிய, 'இது உறுப்பு' என்று சொல்லும் 'எம்' ஐந்தாவதுக்கு ஓடிவிடும். பட்டியில் உறுப்பெல்லாம் வகை தெரியாமல் அநாதையாக நிற்கும்.

புதுசு23:
அது புலமா, நெடுவரிசையா அண்ணே?

சுக்குக்காப்பி:
புலம். இப்போது அதுவா முக்கியம்?

கரிசல்காடு:
சரி, அந்தக் கட்டளை முடிந்ததும் ;" வருமே, முதலில் அங்கே வெட்டுகிறேன், அப்புறம் டேபில். பதினொரு வரி. திருப்தியா?

சுக்குக்காப்பி:
அந்த ;" எதற்கு வைத்தார்கள் தெரியுமா? பழைய விஐ எடிட்டர் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் வெறும் குறிப்பு என்று தள்ளிவிடும், அதற்காக. உங்கள் கோடில் அரைப்புள்ளியை மேற்கோளுக்குள் வைத்து ஒரு வரி இருந்தால்? ";" என்று எழுதியதே கிடையாதா? அங்கேயும் வெட்டு விழும். முதல் / தொடங்கி, முன்னால் \ இல்லாத அடுத்த / வரை ஒவ்வொரு எழுத்தாக நடக்க வேண்டும். வேறு வழி இல்லை.

ஈமேக்ஸ்காரன்:
இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் ஈமேக்ஸ் எடிட்டருக்கு ஈடேக்ஸ் என்று தனிக் கோப்பு வடிவம். பெயருக்கு முன்னால் ஆஸ்கி எண் 127 உள்ள எழுத்து, பின்னால் எண் 1 உள்ளது, அப்புறம் வரி எண், பைட் எண். யாரும் கோடில் 127 அடிப்பதில்லை.

சுக்குக்காப்பி:
அது ஃபங்ஷனா, ஸ்ட்ரக்டா என்று அந்தக் கோப்பு சொல்லுமா? சொல்லாது. பிறகு பட்டியில் எதை வைத்துப் பிரிப்பீர்கள், ஜாதகம் பார்த்தா?

ஈமேக்ஸ்காரன்:
பேச்சு டேபைப் பற்றி. அப்புறம், போன வருஷம் நீங்கள் கொடுத்த பிளகின் என் செட்டிங்ஸ் கோப்பைக் காலி செய்தது. அதற்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

சுக்குக்காப்பி:
பேக்கப் எடுக்காதவருக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

புதுசு23:
சிடேக்ஸின் புது வடிவமான யுனிவர்சல் சிடேக்ஸில், ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் போட்ட ஜேசனாகவே வெளியே எடுக்கலாமே? விம்முக்கு சிம்பல் பட்டி தரும் டேக்பார் பிளகின்கூட டேக்ஸ் கோப்பைப் படிப்பதில்லை, அதுவே சிடேக்ஸை ஓட்டிக்கொள்கிறது.

சுக்குக்காப்பி:
தம்பி, ஜேசன் பற்றி யார் கேட்டது? கேள்வி, டேபில் வெட்டலாமா என்பது. கூடாது. நான்காவது முறையாகச் சொல்கிறேன், மூன்றாவது புலத்துக்குள் டேப் வரும்.

கரிசல்காடு:
எனக்கு வரவில்லை. எட்டாயிரம் சிம்பல்.

சுக்குக்காப்பி:
டேப் அடித்துப் பார்த்தீர்களா, இல்லையா?

கரிசல்காடு:
நான் ஏன் டேப் அடிக்க வேண்டும்? நாகரிகமானவர்கள் நான்கு ஸ்பேஸ் போடுவார்கள்.

ஈமேக்ஸ்காரன்:
இரண்டு.