எல்லாரும் முதலாளி ஆகிவிட்டால் வறுமை போய்விடுமா?

ஓவர்லாக்:
“வேலை தேடாதே, வேலை கொடு” என்பதெல்லாம் மேடைப்பேச்சு என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்க வந்த பையன்கள் நான்கு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்த ஊர் இது. நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பிறகு சுருங்காமல் செய்யும் காம்பாக்டிங் ஒருவர், தையல் ஒருவர் என்று ஒரு பனியன் பல கை மாறுகிறது. முழு மில் போட வசதி இல்லாதவனும் நடுவில் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். இன்று ஏற்றுமதி வருடத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். நானும் அப்படித்தான் வந்தேன், இப்போது 18 பேருக்குச் சம்பளம் போடுகிறேன். அரசாங்கம் என்ன செய்தது?

நொய்யல்வாசி:
அண்ணா, அந்த நான்கு மிஷினுக்கு முதலீடு எங்கிருந்து வந்தது? காடு, அதாவது விவசாய நிலம், இருந்தவர் அதை அடமானம் வைத்தார், இல்லை மச்சான் பங்குக்கு வந்தார். எங்களுக்குக் காடும் இல்லை, அப்படி மச்சானும் இல்லை. அம்மா 22 வருடமாக, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலைதான். அப்புறம் சாயத்தண்ணீர்? 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை லாபம் உங்களுக்கு, சாயம் கலந்த நொய்யல் ஆறு எங்களுக்கு.

டாக்காக்காரன்:
நான் டாக்காவில் ஒரு கார்மென்ட்ஸில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்தவன். அங்கே 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனி சுமார் 130 பேரைத் தென்கொரியாவில் தேவூ கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் விலகி, சொந்தமாகவோ வேறு கம்பெனியிலோ அதே தொழிலைத் தொடங்கினார்கள். ஆனால் அரசு சும்மா இருக்கவில்லை. வரி கட்டாமல் துணி இறக்க பாண்டட் கிடங்கு கொடுத்தது. எல்.சி. என்பது சரக்குக்குப் பணம் தருவோம் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்; ஏற்றுமதிக்கு வந்த எல்.சி.யைக் காட்டியே துணிக்கு இன்னொரு எல்.சி. திறக்க விட்டது. கையில் காசில்லாதவனும் ஆர்டர் எடுக்க முடிந்தது அதனால்தான். முகமது யூனுஸின் கிராமீன் வங்கி ஏழைகளுக்கு ஈடில்லாமல் கொடுத்த சிறு கடனைத்தான் உலகம் கொண்டாடுகிறது. என்னைக் கேட்டால், அந்த எல்.சி. செய்தது அதைவிடப் பெரிது.

ஓவர்லாக்:
சரி, மறைக்கவில்லை. என் முதல் மிஷின்கள் அப்பாவின் இரண்டு ஏக்கர் மேல் வாங்கிய கடன்தான். அதில் சோளமே போட்டிருந்தால் அந்த 18 பேருக்கும் வேலை ஏது?

நொய்யல்வாசி:
இருபது பேர் ஆனால் பி.எஃப். கட்ட வேண்டும். அதனால்தானே அண்ணா பதினெட்டிலேயே நிற்கிறது?