கெய்ரோவின் அருங்காட்சியகங்களில் எதை விடலாம்?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். கெய்ரோவில் எனக்கு இரண்டு நாள்களே கிடைக்கும். பாரோக்கள், எகிப்தின் பூர்விகக் கிறித்தவர்களான கோப்டிக் மக்கள், இஸ்லாமிய ஆட்சியாளர்கள் ஆகிய மூவர் காலத்தையும் அருங்காட்சியகங்களின் வழியே அறிய விரும்புகிறேன். கீசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கே ஒரு நாள் போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் எதை விடலாம்?

மறுமொழி 1:
எதை விட்டாலும் கோப்டிக் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1908இல் மார்க்குஸ் சிமைக்கா நிறுவிய இது, பழைய கெய்ரோவில் ரோமானியர் கட்டிய பாபிலோன் கோட்டை வளாகத்தில், மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. பலர் இதைச் சிறிய இடம் என்று கடந்துவிடுவது வருத்தமளிக்கிறது. ஏனெனில் பாரோக்களின் எகிப்து எங்கும் போய்விடவில்லை என்பதை இங்கேதான் கண்ணால் காண முடியும். உயிரைக் குறித்த பண்டைய அங்க் சின்னம், மேலே வளையத்தோடு அப்படியே சிலுவையாகிக் கல்லறைக் கற்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1945இல் நாக் அம்மாடி அருகே மண் சாடியில் கிடைத்த, தோலுறையிட்ட பாப்பிரஸ் சுவடிகளும் இங்கு உள்ளன. அவற்றின் கோப்டிக் மொழி, பண்டைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமே.

மறுமொழி 2:
முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் அங்கிருந்து நேராக பாப் அல் கல்க் பகுதியிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். கோப்டிக் அருங்காட்சியகத்தில், புனித பார்பரா தேவாலயத்திலிருந்து வந்த ஃபாத்திமியர் (எகிப்தை ஆண்ட இஸ்லாமிய அரச மரபினர்) கால மரத்தடுப்பில் குதிரை வீரர்களையும் விலங்குகளையும் உற்றுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஃபாத்திமியர் அரண்மனையின் மரப்பலகைகளில் இசைக்கலைஞர்களையும் வேட்டைக்காரர்களையும் பார்க்கும்போது, ஒரே பட்டறை மரபு தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் உழைத்திருப்பது புரியும். 2014 ஜனவரியில் எதிரிலிருந்த காவல்துறைத் தலைமையகத்தின் மீது நடந்த குண்டுவெடிப்பில் இக்கட்டடமும் கடுமையாகச் சிதைந்தது. உடைந்த பொருள்களைப் பொறுமையாக ஒட்டிச் சீர்செய்து, 2017இல் மீண்டும் திறந்தார்கள். அந்த உழைப்புக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அரச மம்மிகளும் கீசாவில்தானே உள்ளன?

மறுமொழி 1:
இல்லை. 22 அரச மம்மிகளும் 2021 ஏப்ரலில் தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள பழைய எகிப்திய அருங்காட்சியகத்திலிருந்து ஃபுஸ்தாத்திலுள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. அது கோப்டிக் அருங்காட்சியகத்திலிருந்து தொலைவில்லை. துட்டன்காமனின் கல்லறைப் பொருள்களுக்காக முதல் நாளைக் கீசாவுக்கு ஒதுக்குங்கள். மறுநாள் காலை கோப்டிக் அருங்காட்சியகம், அடுத்து மம்மிகள், பிற்பகலில் இஸ்லாமியக் கலை. எதையாவது விட்டே ஆகவேண்டுமென்றால், இம்முறை தஹ்ரீர் அருங்காட்சியகத்தை விடலாம்.