விறகுக்கட்டு என்றது அகராதி

நிழல்குடை:
அமெரிக்காவில் முதல் ஆண்டு. பஸ்ஸுக்காக நானும் என் காதலனும் கை கோத்து நின்றிருந்தோம், அவ்வளவுதான். கடந்து போன காரிலிருந்து ஒருவன் ‘ஃபேகட்’ என்று கத்தினான். என் கையிலிருந்து அவன் கை சட்டென்று விலகியது. சொல் எனக்குப் புரியவில்லை, விலகல் புரிந்தது. இரவு அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் ‘விறகுக்கட்டு’! ஆணை விரும்பும் ஆணுக்கான வசவு என்பது அதற்குப் பிறகுதான். நம்மவர்களை அந்த விறகில் வைத்து எரித்ததால் வந்த பெயர் என்றார் ஒரு நண்பர். அன்றிலிருந்து அதைக் கேட்டாலே மூக்கில் புகை ஏறுகிறது.

கல்வெட்டுப்பூனை:
உங்கள் நண்பர் சொன்ன கதைக்குச் சான்று இல்லை. இங்கிலாந்தில் எரிப்பது பெரும்பாலும் மதவிரோதிகளுக்கான தண்டனை. அங்கே 1533ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு விதித்தது தூக்கு. கடைசியாக இருவரைத் தூக்கிலிட்டது 1835இல். இந்த இழிசொல்லோ 1914இல், அமெரிக்காவின் போர்ட்லண்டில் வெளியான குற்றவாளிகளின் கொச்சைச் சொல் தொகுப்பில்தான் முதலில் அச்சில் அகப்படுகிறது. அதுவரை எங்கே ஒளிந்திருந்ததாம்? 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களை, குறிப்பாகக் கிழவிகளை, இதைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். பெண்ணை வைத வசவு ஆணின் மேல் ஏறியது என்பதே என் கட்சி. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அவர் காலி நாற்காலி இன்னும் உறுத்துகிறது.

இரட்டைவால்:
பூனையாரே, ஒரே கட்சியா? யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் ‘ஃபெய்கலே’ என்றால் சிறு பறவை. அதிலிருந்து வந்தது என்போரும் உண்டு. ஆங்கிலேயப் பள்ளிகளில் மூத்த மாணவருக்கு ஏவல் செய்த சிறுவனுக்கு ‘ஃபேக்’ என்று பெயர். அதைக் காட்டுவோரும் உண்டு. என் கதை சின்னது: லண்டன் அலுவலகத்தில் மேலாளர் ‘ஒரு ஃபேக் இருக்கிறதா?’ என்றார். வெளிறிப் போனேன். பாவம், சிகரெட் கேட்டிருக்கிறார். நிழல்குடை, இனி யாராவது கத்தினால் பதில் பேசாதீர்கள். கார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள். நாலு பேர் இருக்கும் பக்கமாக நகருங்கள். அகராதியைப் பகலில் பாருங்கள், இரவில் எல்லாப் பொருளும் பெரிதாகத் தெரியும். தண்ணீரும் குடியுங்கள்.

நிழல்குடை:
தண்ணீர் குடித்தேன். பூனையார் எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். “அப்போது எரிக்கவில்லையா?” என்றான். “இல்லையாம்.” “பின்னே?” “தூக்கு” என்றேன். சிரித்துவிட்டான்.