மறு: கலைச்சொல் – ‘ஃபுல் ஃப்ரேம்’ கேமராவுக்குத் தமிழில் என்ன வைப்பது?

தஞ்சாவூர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்புக்கான ஒளிப்படக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. வில்லை (லென்ஸ்), உணரி (சென்சார், ஒளி விழும் சில்லு), துளை (அபர்ச்சர்), மூடுதிரை (ஷட்டர்), குவியத் தொலைவு (ஃபோகல் லென்த்) எல்லாம் முடிவாகிவிட்டன. முடிவாகாமல் நிற்பவை இரண்டு: 36 × 24 மி.மீ. உணரியைக் குறிக்கும் ஃபுல் ஃப்ரேம், அதோடு சிறிய உணரியை ஒப்பிடும் எண்ணான கிராப் ஃபேக்டர். இப்போதைக்கு ‘முழுச்சட்டகம்’, ‘வெட்டுக் காரணி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண வேலைக்கு உதவியாளராகப் போகும் பிள்ளைகள். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே எழும்பி இறங்கும் கண்ணாடி வைத்த கேமரா) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா, எந்த லென்ஸ் அதில் சேரும் என்பதுதான் அவர்கள் கேள்வி. சொல் அதற்குக் கைகொடுக்க வேண்டும். புதன் இரவுக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

திருவாரூர், திங்கள் நண்பகல்

அம்மா, வணக்கம்.

முழுப்பக்கம், முழுத்தொகை போல வலி மிகுந்து முழுச்சட்டகம். புணர்ச்சியில் குறையில்லை, குறை சொல்லில் இருக்கிறது. சட்டகத்துக்கு அகராதிகள் படுக்கை என்றும் உடல் என்றும் பொருள் தருகின்றன. கட்டிலின் மரச்சட்டத்தில் தொடங்கி, அதில் கிடக்கும் உடம்பு வரை பொருள் நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை விட்டாலும், தச்சர் பலகையைச் சுற்றி அடிப்பதுதான் சட்டம். சுற்றி நிற்பது சட்டம். நடுவில் கிடக்கும் பரப்புக்கு அந்தப் பெயர் ஆகாது. நாம் பெயர் தேடுவதோ ஒளி விழும் பரப்புக்கு.

ஆகவே ‘புலம்’ என்க. புலம் என்றால் வயல். கண்ணுக்கு எட்டும் பொருளும் புலம். ஒளி விளையும் வயல் என்று கொண்டால் நம் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘நிறைபுலம்’ என்றால் வினைத்தொகை; நிறைந்த, நிறைகின்ற, நிறையும் புலம் என முக்காலத்துக்கும் விரியும். என் பரிந்துரை நிறைபுலம்.

கும்பகோணம், திங்கள் மாலை

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கையேட்டின் மூன்றாம் பாடத்தில் டெப்த் ஆஃப் ஃபீல்டுக்கு (படத்தில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) ‘புல ஆழம்’ என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. இனி ‘நிறைபுலத்தில் புல ஆழம் குறையும்’ என்று எழுத வேண்டி வரும். படிக்கிற பிள்ளை இரண்டு புலமும் ஒன்றென்றே நினைப்பான்.

ஸ்டுடியோவிலும் சர்வீஸ் கடையிலும் ஃபுல் ஃப்ரேம், கிராப் பாடி (சிறு உணரி வைத்த கேமரா) என்றுதான் பேச்சு. ‘நிறைபுலம் ஒன்று பழுது பார்க்க வேண்டும்’ என்றால் கடைக்காரருக்குப் புரியாது. ஃபுல் ஃப்ரேம் என்று தமிழ் எழுத்திலேயே விட்டுவிடலாம். கிராப் ஃபேக்டருக்கும் அதுவே.

மயிலாடுதுறை, திங்கள் இரவு

முழு, நிறை இரண்டையுமே மறுக்கிறேன். இயற்பியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த உணரியில் ‘முழு’ என்று எதுவும் இல்லை. 43.8 × 32.9 மி.மீ. உணரி வைத்த மீடியம் ஃபார்மட் எனும் இன்னும் பெரிய கேமராக்கள் கடையில் கிடைக்கின்றன. 36 × 24 முழுது என்றால் அவை என்ன?

பெயர் வந்த வழி வேறு. 35 மி.மீ. சினிமா பிலிமில் ஒரு கட்டம் சுமார் 24 × 18. ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா, அதே பிலிமைப் படுக்கவைத்து ஓட்டி இரண்டு கட்டத்தை ஒன்றாக்கியது. அதனால் 36 × 24. பின்னாளில் 24 × 18இல் எடுத்த கேமராக்களை ஹாஃப் ஃப்ரேம் என்றார்கள். அந்தப் பாதிக்கு எதிரே வைத்தால்தான் இது முழுது. 35 என்பது ஓரத்துத் துளைகளையும் சேர்த்த பிலிமின் அகலம், படத்தின் அளவே அல்ல. 35 மி.மீ. பிலிம், 36 மி.மீ. உணரி, 35 மி.மீ. லென்ஸ் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் படித்தால் மாணவர் குழம்பத்தான் செய்வார்.

அளவையே பெயராக்குவோம்: ‘முப்பத்தாறு உணரி’.

வெட்டுக் காரணியும் தவறு. எதையும் யாரும் வெட்டுவதில்லை. லென்ஸ் பின்னால் வீசுவது ஒரு வட்டம்; அதைப் படவட்டம் என்போம். 36 × 24 செவ்வகத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. வட்டம் அதைவிடச் சிறுத்தால், தாம்பாளத்தை மீறிய இலைபோல் நான்கு மூலையும் வெளியே நிற்கும். படத்தில் மூலைகள் கறுக்கும். நிக்கானின் சிறு உணரி 23.5 × 15.6, மூலைவிட்டம் 28.2. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.5. கேனானில் 22.3 × 14.9, வகுத்தால் 1.6. பள்ளிக் கணக்கில் எல்லாரும் படித்த சொல் இருக்கும்போது ஏன் வெட்ட வேண்டும்? ‘மூலைவிட்ட விகிதம்’.

திருவாரூர், செவ்வாய் காலை

விகிதம் வடசொல். ‘மூலைவிட்ட மடங்கு’ என்றால் பொருளும் குறையாது, மொழியும் கெடாது. ஃபுல் ஃப்ரேம் என்றே விடலாம் என்ற தம்பிக்கு: வடசொல்லை எடுத்தாலும் அதன் எழுத்தை ஒருவி, நம் எழுத்தோடு புணர்த்தி எடுக்கத் தொல்காப்பியம் வழி சொல்கிறது. ஆய்த எழுத்தைச் சொல் முதலில் நிறுத்தி இரண்டு முறை ஊதச் சொல்வது அந்த வழி அன்று.

உணரி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. இகர விகுதி மண்வெட்டியில் கருவிப்பொருள், ஊருணியில் செயப்படுபொருள். உணரி இதில் எது? ஒளியை உணர்வது என்றால் வினைமுதல். உணர்வதற்குக் கருவி என்றால் கருவிப்பொருள். நான் கருவி என்பேன். சில்லு எதையும் உணர்வதில்லை, நாம் உணரத் துணைசெய்கிறது. இதைக் கையேட்டின் முன்னுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

கும்பகோணம், செவ்வாய் மதியம்

மடங்கு வேண்டாம் ஐயா. ‘கிராப் பாடியில் 50 மி.மீ. லென்ஸ் 75 ஆகிவிடும்’ என்ற தப்புக் கணக்கைக் கழற்றத்தான் கையேட்டில் ஒரு பாடமே இருக்கிறது. குவியத் தொலைவு எங்கேயும் மாறாது. துளை அளவு எஃப் 1.8 என்றால் இரண்டிலும் அதே ஒளியளவுக் கணக்கு. நின்ற இடம் மாறாதவரை முன்பொருள் பின்பொருள் அமைப்பும் மாறாது. குறுகுவது பார்வைக் கோணம் மட்டும்.

பெரிய கோயில் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸ் போட்டுக் கேமராவை நெட்டாகப் பிடித்தால் மேலிருந்து கீழ் சுமார் 74 பாகை கிடைக்கும். நிக்கான் கிராப் பாடியில் அதே லென்ஸ், அதே இடம்: 52 பாகைதான். கலசம் போகும், இல்லை அடித்தளம் போகும். இரண்டும் வர 16 மி.மீ. லென்ஸ் வேண்டும். மடங்கு என்று பேர் வைத்தால் ஏதோ பெருகுகிறது என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

லென்ஸ் சேர்க்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பேரைவிட இது முக்கியம். கேனானில் சிறு உணரிக்கென்றே செய்த, வெள்ளைச் சதுரக் குறி போட்ட இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. அதன் பின்பக்கம் உள்ளே நீண்டிருக்கும், பெரிய கண்ணாடி மேலே எழும்போது இடிக்கும். சிவப்புப் புள்ளி போட்ட இஎஃப் இரண்டிலும் மாட்டும். நிக்கானில் சிறு உணரிக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் மாட்டும். ஆனால் கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், 24 மெகாபிக்சல் பத்துச் சொச்சமாக இறங்கிவிடும். பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கி, முன்பு கிராப் பாடியோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸை மாட்டிவிட்டு ‘படம் சின்னதாக வருகிறது’ என்பவர்களுக்கு இதுதான் காரணம்.

நாகப்பட்டினம், செவ்வாய் இரவு

முப்பத்தாறு உணரிக்கே என் ஆதரவு. காரணம் இலக்கணம் இல்லை, துடைப்பான்.

உணரி துடைக்கும் ஈரத் துடைப்பானை அகலம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 36 × 24க்கு 24 மி.மீ. அகலம், சிறு உணரிக்கு 16. குட்டைப் பக்கத்தின் அளவு அது. 16ஐ வாங்கிப் பெரிய உணரியில் இழுத்தால் இரண்டு இழுப்பு ஆகும். நடுவில் திரவம் கோடாகக் காய்ந்து, பழைய தூசியைவிட மோசமாகத் தெரியும். ‘முழு’ என்ற சொல் எத்தனை மி.மீ. என்று சொல்லவில்லை. எண் சொல்கிறது.

கையேட்டில் துடைக்கும் முறை சுருக்கமாக இருக்கிறது, விரித்து எழுதுங்கள். முதலில் எஃப் 16 வைத்து, குவியத்தைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் மேல் இடப்பக்கம் தெரியும் புள்ளி, எதிரே நின்று பார்த்தால் உணரியில் கீழ் இடப்பக்கம் இருக்கும். மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் தீர்ந்தால் கண்ணாடி இறங்கும், மூடுதிரையும் துடைப்பான்மேல் மூடும், பிறகு சர்வீஸ் கடைதான். மெனுவில் கண்ணாடியை மேலே நிறுத்திவிட்டு, கேமரா வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊத வேண்டும். வாயால் ஊதவே கூடாது. பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். போகாததற்குத்தான் துடைப்பான்: இரண்டு சொட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பு, புரட்டி மறுமுகத்தால் திரும்ப ஒரு இழுப்பு, உடனே எறிந்துவிட வேண்டும்.

கோடிக்கரைப் பக்கம் பறவை எடுக்கப் போகிறவர்களுக்கு: காற்றில் உப்பு இருக்கும், அங்கே லென்ஸ் கழற்றக் கூடாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பைக்குள் வைத்த லென்ஸில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும் அல்லது சூடாக்கி உலர்த்த வேண்டும்.

தஞ்சாவூர், வியாழன் காலை

அனைவருக்கும் நன்றி. முழுச்சட்டகத்துக்கு ஆதரவாகத் தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் அதற்கே பெரும்பான்மை. முதல் முறை வரும் இடத்தில் ‘ஃபுல் ஃப்ரேம் எனப்படும் முழுச்சட்டகம், 36 × 24 மி.மீ.’ என்று எழுதுகிறேன். இரண்டாவதற்கு மூலைவிட்ட விகிதம். உணரியின் இகர விகுதி பற்றிய பத்திக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை, ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். சட்டகம், சட்டம் பொருள் வேறுபாட்டைச் சொற்பட்டியலில் ஒரு வரியில் சேர்க்கிறேன். துடைக்கும் பகுதியை நாகை மடலின்படி திருத்திவிட்டேன்.

திருவாரூர், வியாழன் நண்பகல்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். விகிதத்துக்கு மட்டும் என் மறுப்பு பதிவாகட்டும். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

மயிலாடுதுறை, வியாழன் இரவு

முழு என்பதற்கு என் மறுப்பும் நிற்கிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள் அம்மா: துணைக்கருவி அட்டவணையில் முழுச்சட்டகம், சிறுசட்டகம் என்று தலைப்புப் போடாமல் 36 × 24, 23.5 × 15.6, 22.3 × 14.9 என்று மூன்று நெடுவரிசையாகப் பிரியுங்கள். கேனானையும் நிக்கானையும் ஒரே நெடுவரிசையில் அடைத்தால் 1.5ஆ 1.6ஆ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். மெய்ப்பில் அந்த அட்டவணையை நாளைக் காலை பத்து மணிக்குள் அனுப்பினால் எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.