கலைச்சொல் உதவி: பறவைக் காய்ச்சலில் ‘வீரியம் மிக்கது’, ‘வீரியம் குறைந்தது’

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். கோழிப்பண்ணைத் தொழிலாளர்களுக்கான பறவைக் காய்ச்சல் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓரிணைச் சொற்களைத் தவிர மற்றவை முடிந்துவிட்டன. இந்நோயின் வைரஸ்களைக் கடுமையானவை, இலேசானவை என்று இரண்டாகப் பிரித்து, எச்பிஏஐ, எல்பிஏஐ என்று மூலநூலில் சுருக்கப் பெயரிட்டிருக்கிறார்கள். நாளிதழ்கள் ‘வீரியம் மிக்க’, ‘வீரியம் குறைந்த’ என்று எழுதுவதால் நானும் முதல் வரைவில் அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்த பண்ணைக்காரர் ஒருவர், வீரியம் என்றால் தமக்கு வீரிய விதைதான் நினைவுக்கு வருகிறது என்றார். ‘வீரியம் குறைந்தது’ என்றால் நாங்கள் பயப்பட வேண்டியதில்லை என்றுதானே பொருள் என்றும் கேட்டார். இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இம்மடலை எழுதுகிறேன்.

‘உயர் நோயாக்குதிறன்’, ‘தாழ் நோயாக்குதிறன்’ என்று எழுதலாமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

‘நோயாக்குதிறன்’ நல்ல வினைத்தொகை. அதில் குறை காணேன். ஆனால் உயர்திணை, உயர்தரம், உயர்குடி என்று பழகிய காதுக்கு ‘உயர்’ என்பது நன்மையையே சொல்லும். கொள்ளைநோய்க்கு அந்த அடைமொழியைத் தருவது நோய்க்கு மாலை சூட்டுவதாகும். வன்மை + நோய் = வன்னோய், மென்மை + நோய் = மென்னோய் என்று கொள்ளலாமே. வன்னெஞ்சமும் மென்னடையும் நம்மிடம் இருக்கும்போது ஈறுபோதல் விதியைத் தவிர வேறு துணை எதற்கு? கூடவே ஒன்று: ‘வைரஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தீநுண்மி என்னும் சொல் எப்போது தோற்றுப்போயிற்று?

அறிவியல் இதழாசிரியர் எழுதியது:

தீநுண்மி தோற்கவில்லை, ஐயா. ஆனால் பண்ணைக் கொட்டகைக்குள் அது இன்னும் போய்ச் சேரவில்லை. நச்சுயிரி, நச்சுநுண்மம், தீநுண்மி என்று நாம் மூன்று சொற்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் வைரஸ் என்பது தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. அதைக் கையேட்டில் தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ‘வன்னோய்’ என்பதைத் தாளில் பார்த்தால் அழகுதான். ஆனால் ஒலிபெருக்கியில் ஒருவர் வாசிக்கக் கேட்டால் அது என்ன நோய் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

சொற்பிறப்பு ஆர்வலர் எழுதியது:

வீரியத்தை வடசொல் என்று எல்லாரும் எளிதாக விட்டுக்கொடுப்பது வருத்தமளிக்கிறது. விறல், விறப்பு, வீறு என்று ஒரே வேரின் கிளைகளாக இச்சொற்கள் ஓடுவதைப் பார்க்கிறோம். வீறு நீண்டு வீரியமாகியிருக்கலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம். ஆகவே ‘வீறுமிகு காய்ச்சல்’ என்றால் தூய்மையும் கெடாது, நாளிதழ் வழக்கும் கெடாது.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

வீறு என்பதற்கு ‘வேறொன்றற்கு இல்லாத சிறப்பு’ என்றல்லவா உரையாசிரியர்கள் பொருள் கூறினர்? கோழிகள் செத்து விழுவதில் அப்படிப்பட்ட சிறப்பு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கால்நடை மருத்துவர் எழுதியது:

அன்புடையீர், சொல்லைத் தேடும் முன் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். இந்தப் பிரிவினை முழுக்க முழுக்கக் கோழியை வைத்துச் செய்யப்பட்டது. நான்கு முதல் எட்டு வார வயதுள்ள கோழிகளுக்கு வைரஸைச் சிரைவழியாகச் செலுத்தி, 10 நாட்களுக்குள் 75 விழுக்காடோ அதற்கு மேலோ இறந்தால் அது கடுமையான வகை என்பது ஆய்வகங்கள் பின்பற்றும் அளவுகோல்களுள் ஒன்று. இலேசான வகையின் மேற்புரதமாகிய ஹீமக்ளூட்டினினை வெட்டித் திறக்கும் நொதிகள் கோழியின் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே இருப்பதால் தொற்று அங்கேயே அடங்கி, முட்டை குறைவதோடும் சிறு மூச்சிரைப்போடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கடுமையான வகையில் அந்த வெட்டுமிடத்தின் அமைப்பு மாறிவிடுவதால், உடலெங்கும் இருக்கும் நொதிகளே அதைத் திறந்துவிடுகின்றன. கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமலே, கொட்டகை முழுவதும் ஓரிரு நாட்களில் சாய்கிறது. இதே வைரஸைச் சில வாத்துகள் நோயின்றிச் சுமந்து திரிவதும் உண்டு.

மனிதனைப் பற்றி இந்த அளவுகோல் ஒன்றுமே சொல்வதில்லை. 2013இல் சீனாவில் மனிதர்களிடம் கண்டறியப்பட்ட எச்7என்9 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழிகளில் ஏறக்குறைய அறிகுறியே காட்டாத ‘குறைந்த’ வகை. ஆனால் அது 1,500க்கும் மேற்பட்டோரைத் தொற்றி, அவர்களில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மாறாக, 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடையே பரவிய எச்5என்1 ‘மிகுந்த’ வகை. அங்கே தொற்றுக்குள்ளான பண்ணையாட்களில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததோடு சரி. ஆனால் எச்5என்1 எப்போதும் அப்படி இரக்கம் காட்டியதில்லை. 1997இல் ஹாங்காங்கில் அது தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தனர். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்திடம் பதிவான 900க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. இலேசான தொற்றுகள் கணக்கில் வராமலே போயிருக்கக்கூடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே பண்ணைக்காரர் கேட்டது மிகச் சரியான கேள்வி. ‘வீரியம் குறைந்தது’ என்று படித்துவிட்டு வெறுங்கையால் செத்த கோழியைத் தூக்குபவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ‘வன்னோய்’, ‘மென்னோய்’, ‘உயர்’, ‘தாழ்’ ஆகிய எல்லாவற்றிலும் ஒரே குறைதான்: யாருக்கு வன்மை, யாருக்கு மென்மை என்பதை அவை சொல்லவில்லை. சொல்லுக்குள்ளே கோழி இருக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

அறிவியல் இதழாசிரியர் எழுதியது:

அப்படியானால் ‘கோழிக்கொல்லி வகை’ என்று வைத்துவிடலாம். பூச்சிக்கொல்லி தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

கோழிகொல்லி என்பதே முறை. கோழியைக் கொல்வது என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லெழுத்து மிகுவானேன்? ‘உயிர்கொல்லி’ என்று எழுதுவோர் ‘க்’ இடுவதில்லை. வள்ளுவர் சினமென்னும் நெருப்பைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்றபோது உருபு வெளிப்பட நின்றதால் ஒற்று வந்தது. நோயுற்ற கோழியைச் சேர்ந்தாரையும் கொல்லும் இந்தக் காய்ச்சலுக்கு அந்தப் பெயரே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

சொற்பிறப்பு ஆர்வலர் எழுதியது:

பூச்சிக்கொல்லி என்றே பெட்டிகளில் அச்சாகிறது, வழக்கு வென்றுவிட்டது. அது இருக்கட்டும், ‘பறவைக் காய்ச்சல்’ என்பதே எனக்கு உறுத்துகிறது. பறப்பதால் பறவை, கொட்டகைக் கோழி எங்கே பறக்கிறது? புள் + காய்ச்சல் = ‘புட்காய்ச்சல்’ என்றால் பறப்பனவும் பறவாதனவும் அடங்கும்.

குழு மட்டுறுத்துநர் எழுதியது:

பறவைக் காய்ச்சல் என்ற பெயரை இந்த இழையில் மாற்ற வேண்டாம். ஒற்று மிகுதலுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு நாட்களே உள்ளன.

கால்நடை மருத்துவர் எழுதியது:

‘கோழிக்கொல்லி’ நான் கேட்டதை நிறைவேற்றுகிறது என்பதால் மறுக்கச் சங்கடமாக இருக்கிறது, ஆயினும் மறுக்கிறேன். ‘ஆட்கொல்லி நோய்’ என்ற தொடர் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. கோழிக்கொல்லி என்று கேட்டவுடனே, ‘அப்படியானால் இது ஆட்கொல்லி அல்ல’ என்று எதிர்ப்பொருள் கொள்வார்கள். ஒரு தவறான ஆறுதலை நீக்கப் போய் இன்னொன்றை எழுதி வைத்துவிடுவோம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நான்கு வடிவங்களையும் அதே பண்ணைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ‘வன்னோய்’ அவருக்குப் புரியவில்லை. ‘கோழிக்கொல்லி’ என்றதும் கோழிக்கு வைக்கும் நஞ்சா என்று கேட்டார். ‘கோழிக்குக் கொடிய வகை’, ‘கோழிக்குத் தணிந்த வகை’ என்று விரித்துச் சொன்னபோது, ‘சரி, மனுசனுக்கு?’ என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியை எழுப்பும் சொல்லே வேண்டும் என்று தோன்றியதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வரியிலேயே, எந்த வகையானாலும் நோயுற்ற, இறந்த பறவைகளை வெறுங்கையால் தொடக்கூடாது, திடீர்ச் சாவுகளை உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும், பண்ணையில் வேலை செய்தபின் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் பண்ணை வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் வருகின்றன.

அறிவியல் இதழாசிரியர் எழுதியது:

கலைச்சொல் என்று சொல்ல முடியாது, விளக்கம்தான். ஆனாலும் உடன்படுகிறேன்.

சொற்பிறப்பு ஆர்வலர் எழுதியது:

களைப்பினால் உடன்படுகிறேன். ‘தணிந்த’ என்பது நல்ல சொல்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளவும். ‘கோழிக்குக் கொடிய வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ்’ என்று ஆறு சொல்லில் நீள்வது தொடரே தவிரச் சொல்லன்று. நாளை ஒருவர் இதைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘கோழிக்கு’ என்பதாகத்தான் இருக்கும். ‘கொடிய வகை’, ‘தணிந்த வகை’ என்று தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருப்பீர்கள்.

கால்நடை மருத்துவர் எழுதியது:

புலவர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் மாற்று இல்லை. ஆனால் ‘வகை’ என்ற சொல்லை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். எச்5, எச்7 என்று பெயர் தொடங்கும் வைரஸ்களின் தணிந்த வடிவங்கள் கோழிக்கூட்டத்தில் சுற்றிச் சுற்றியே கொடியனவாக மாறக்கூடியவை. மேலே சொன்ன எச்7என்9 கூட 2017இல் கோழிகளைக் கொல்லும் வடிவெடுத்தது. வகை என்றால் பிறவிக்குணம் போலத் தோன்றும். ‘நிலை’ என்றால் மாறும் என்பது தெரியும். தணிந்தது என்று விட்டுவைத்த பண்ணையே சில வாரங்களில் கொடிய பண்ணையாகலாம் என்பதை அவர்கள் அறிய வேண்டாமா? ‘கோழிக்குத் தணிந்த நிலை’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உள்ளே ஏழு இடங்களில் மாற்றிவிட்டேன், அம்மா. அட்டவணையின் தலைப்பு மட்டும் படமாகப் போய்விட்டதால் அங்கே ‘வகை’ என்றே நிற்கும்.