கடல்தளங்களில் ஹெலிகாப்டர் விபத்து: எதை எப்படிச் சொல்வது?

நண்பர்களே,

கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் துரப்பண மேடைகளில் ஹெலிகாப்டர் இறங்கும்போது நேரும் விபத்துக்கு ‘மேடைத் தரையிறக்க விபத்து’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ‘மேடை’யும் இடிக்கிறது, ‘தரை’யும் இடிக்கிறது.

முதலில் மேடை. துரப்பண அமைப்பு முழுவதையுமே செய்தித்தாள்கள் மேடை என்றுதான் எழுதுகின்றன. அதன் உச்சியில் ஹெலிகாப்டருக்காக அமைந்த ஹெலிடெக்கும் மேடை என்றால், ‘மேடையில் விபத்து’ என்பது கிணற்றருகே நடந்ததா, மேலே நடந்ததா என்று தெரியாது. கப்பலின் டெக்கைத் தட்டு என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. படகு வந்து நிற்கும் இடம் இறங்குதுறை. அதே வார்ப்பில் ஹெலிடெக்கை ‘இறங்குதட்டு’ என்றால் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து தரை. நிலவில் இறங்கியதைக்கூட நாம் தரையிறக்கம் என்று எழுதுகிறோம், யாரும் குழம்புவதில்லை. ஆனால் இறங்குதட்டில் வரும் ஆபத்துகள் எல்லாம் அது தரையைப் போல இல்லாததால் வருபவை. தட்டின் அளவே ஏறக்குறைய ஒரு ஹெலிகாப்டரின் நீளம்தான். இறக்கைகள் சுழலும்போது முன் நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் எஸ்-92 ரக ஹெலிகாப்டர் 20.88 மீட்டர், அதற்கேற்ற தட்டில் 21 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். கடல்தள ஹெலிடெக்குகளுக்கான பிரிட்டனின் கேப் 437 விதிப்படி 210 பாகை வீச்சுக்குத் தடை ஏதும் இருக்கக்கூடாது. மீதிப் பக்கத்தில்தான் துரப்பணக் கோபுரம், கிரேன், புகைபோக்கி எல்லாம் நிற்கும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் கோபுரத்தில் மோதிச் சுழித்துக்கொண்டு தட்டுக்கு வரும். எரிவாயு டர்பைனின் சூடான புகையும் கூடவே வந்தால் காற்றின் அடர்த்தி குறைந்து தூக்குவிசை சட்டென்று விழும். சுற்றுப்புறத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் கூடினாலே அதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதே விதி. இதுவே துரப்பணக் கப்பலாக இருந்தால் தட்டு ஏறும், இறங்கும், சாயும். ஆகவே ‘தரை’யை விட்டுவிட்டு ‘இறங்கல்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். வந்திறங்கினான் என்றால் நமக்குப் புரிகிறதே, தரை எதற்கு?

சரி, ‘இறங்கல் விபத்து’ என்ற ஒரே சொல் போதுமா? போதாது. இங்கேதான் கவனம் வேண்டும்.

2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் சாகர் கிரண் துரப்பண அமைப்பை நோக்கி வந்த ஹெலிகாப்டர் அதன் அருகே கடலில் விழுந்தது. இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தார்கள். 2006 டிசம்பர் 27 இரவில் இங்கிலாந்தின் மோர்க்காம் விரிகுடாவில் ஒரு தளத்தை நெருங்கும்போது விழுந்ததில் 7 பேரும் இறந்தார்கள். இரண்டிலும் சக்கரம் தட்டைத் தொடவே இல்லை. இவை ‘அணுகல் விபத்து’.

2016 டிசம்பர் 28 அன்று வட கடலின் வெஸ்ட் ஃபிராங்ளின் தளத்தில் நடந்தது வேறு. இறங்கும் தறுவாயில் வால் விசிறியின் கட்டுப்பாடு போய் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றியது. சக்கரங்கள் தட்டின் பரப்பைக் கீறிப் பள்ளம் போட்டன. விளிம்பை ஒட்டி வந்து நின்றது. உள்ளே இருந்த அனைவரும் பிழைத்தார்கள். இதுதான் நேரான இறங்கல் விபத்து.

மூன்றாவதற்குத்தான் நம்மிடம் சொல்லே இல்லை. 2001 நவம்பர் 10, ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே வெஸ்ட் நேவியன் என்ற துரப்பணக் கப்பல். ஹெலிகாப்டர் ஒழுங்காக இறங்கிவிட்டது. இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்க, துணை விமானி கீழே இறங்கித் தட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கப்பலைத் திசைமாறாமல் பிடித்துவைத்திருந்த தானியங்கி ஏற்பாடு விலகிவிட, கப்பல் மெல்லத் திரும்பியது. எதிரே வீசிய காற்று பக்கவாட்டுக் காற்றாகி, ஹெலிகாப்டர் தட்டிலேயே சாய்ந்து விழுந்தது. துணை விமானிக்குப் பலத்த காயம். பறத்தலிலும் பிழையில்லை, இறங்கலிலும் பிழையில்லை. இதை இறங்கல் விபத்து என்று பதிந்தால் பழி விமானியின் கைக்குப் போய்விடும். கப்பலின் சுக்கான் அறையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சொல் இப்படி மழுங்கலாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்குத் ‘தட்டுக்கவிழ்வு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. படகுக்கவிழ்வு என்றால் படகு கவிழ்ந்தது. அப்படியே பார்த்தால் தட்டுக்கவிழ்வில் தட்டே கவிழ்ந்ததாகிவிடும். ‘தட்டுமேற்கவிழ்வு’ என்று சொல்லலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க வழியில்லை.

அப்புறம் ஒன்று பாக்கி. இறக்கைகளை நிறுத்தாமலே ஆளையும் சரக்கையும் மாற்றி ஏற்றும் அந்த இடைவேளைக்கும் பெயர் வேண்டும். ‘சுழல்நிறுத்தம்’ என்பது சுழலை நிறுத்துவது என்று நேர்மாறாகப் பொருள் தரும், வேண்டாம். ‘சுழலிருப்பு’ எனக்குப் பிடிக்கிறது. கடல்தளங்களில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால், உங்கள் தளத்தில் தமிழர்கள் தங்களுக்குள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். நல்ல சொல் ஒன்று அங்கே ஏற்கெனவே புழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம்.